வண்டிக்குப் புருவம் எதற்கு?

நான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலைக்கு அண்மையில் மோட்டார் வாகனங்களைத் திருத்தும் கொட்டில் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பழைய வொல்க்ஸ்வாகன் வான் ஒன்று நெடுநாள் நின்றது. உருண்டை முகமும், இரண்டாகப் பிளந்த முகப்புக் கண்ணாடியும், அக்கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பிலிருந்து முன்னோக்கி நீண்ட ஒரு தகர விளிம்பும் அதற்கு இருந்தன. ஒருநாள் மாலை என்னோடு நடந்துவந்த மாணவன் ஒருவன் அதனைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இந்த வண்டிக்குப் புருவம் எதற்கு?" என்று கேட்டான். கலைப் பட்டதாரியாகிய எனக்கு வாகனத் தொழிலில் அறிவு குறைவு. ஆயினும் ஆசிரியன் ஒருவன் தெரியாது என்று சொல்லத் தயங்குவது உலக வழக்கு. ஆகவே, "எல்லாம் அழகுக்காகத்தான்" என்று கூறி அவ்விடத்தை விட்டகன்றேன்.

அவ்விடை தவறானது என்பதைப் பின்னர் அறிந்தேன். அத்தவற்றைத் திருத்தப் புகுந்த முயற்சியே இன்றைய பேச்சாக விரிந்தது. வரலாறு என்றவுடன் முடியையும் படையையும் ஒப்பந்தங்களையும் நினைப்பது நமது பழக்கம். மனிதன் தன் கையால் செய்துகொண்ட பொருள்களிலும் வரலாறு பதிந்து கிடக்கின்றது. ஒரு துளையிலும், ஒரு மடிப்பிலும், ஒரு மூடியிலும் அக்காலத்து மக்களின் வறுமை, வரி, வெயில், மழை, விடுமுறை ஆகிய அனைத்தையும் நாம் வாசிக்கலாம். இதற்குச் சான்றாக, உண்ணவும் உறங்கவும் வசதியுள்ள வண்டிகளை, அதாவது இன்று கேம்பர் வான் என்று வழங்கும் வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

மோட்டார் தோன்றுவதற்கு முன்னரே வீட்டு வண்டி தோன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம், ஜிப்சிகள் என்று பிறரால் அழைக்கப்பட்ட ரோமானி மக்கள் இங்கிலாந்தின் சாலைகளிலே குதிரை பூட்டிய மர வண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அவ்வண்டிகளின் மரச்சட்டங்கள் செதுக்குவேலை நிறைந்தவை. பொன்னிறமும் சிவப்பும் பச்சையும் பூசப்பட்டவை. காண்பவர் அனைவரும் அவற்றை வெறும் அலங்காரம் என்றே எண்ணுவர். ஆனால் அச்சட்டங்களின் விளிம்புகளைச் சீவி எடுத்தமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. வலிமை வேண்டிய மூட்டுகளில் மரத்தை முழுப் பருமனாக விட்டு, இடைப்பட்ட பகுதிகளில் மட்டும் செதுக்கி எடுத்தால் வண்டியின் பாரம் குறையும், உறுதி குறையாது. இழுப்பது குதிரை, குதிரைக்கு இடுவது தீனி, தீனிக்கு வேண்டியது பணம். எனவே குதிரையின் தோளுக்கு இரங்கிச் சீவிய மரமே கண்ணுக்கு அழகாகவும் அமைந்தது.

அவ்வண்டிகளில் அடுப்பு ஒன்றும் இருந்தது. அதன் புகைபோக்கி வண்டியின் வலப்புறத்திலேயே கூரையைத் துளைத்து மேலெழுந்தது. இடப்புறத்தில் அதனை வைப்பது வழக்கமன்று. காரணம் யாதெனில், நமது நாட்டைப் போலவே இங்கிலாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. சாலையோரத்து மரங்களின் கிளைகள் வண்டியின் இடப்பக்கத்தையே உரசும். அப்பக்கத்திற் புகைபோக்கி இருந்தால் முதற் கிளையிலேயே முறிந்துபோம். ஒரு நாட்டின் சாலை விதி ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எந்த மூலையில் எரியவேண்டும் என்பதைத் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னுமொன்று: கூரையின் நடுவே நீளவாட்டில் ஒரு சிறு மேற்கூரை உயர்ந்து நிற்கும். அதன் இரு மருங்கும் சிறு கண்ணாடிச் சாளரங்கள் இருக்கும். பழைய புகைவண்டிப் பெட்டிகளின் கூரையிலும் இத்தகைய அமைப்பு இருந்தது. சமைக்கும்போது எழும் வெப்பமும் நீராவியும் மேலே சென்று வெளியேறவும், பக்கச் சுவர்களை அலமாரிகளும் கட்டிலும் அடைத்துக்கொண்ட பின்னரும் உள்ளே வெளிச்சம் விழவும், நடுவிலே ஒருவர் தலைநிமிர்ந்து நிற்கவும் அது உதவியது. இந்த உயர்த்திய கூரையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதனை மறுபடியும் சந்திப்போம்.

வீட்டு வண்டியிற் செல்வது பிழைப்புக்காக அன்றி இன்பத்துக்காகவும் ஆகலாம் என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற அவர், சிறுவர்களுக்கான கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். பிறிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்னும் வண்டியைச் செய்வித்து, 1885ஆம் ஆண்டிலே இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னெஸ் வரை ஏறத்தாழ 1,300 மைல் பயணம் செய்தார். மறு ஆண்டில் அப்பயணத்தை நூலாகவும் வெளியிட்டார். அவர் தமது வண்டியைத் தரையில் ஓடும் உல்லாசக் கப்பல் என்றே அழைத்தார். இப்பெயர் வெறும் விளையாட்டன்று. அசையும் அறையொன்றில் வாழ்வது எவ்வாறு என்பதைக் கப்பலோட்டிகளே உலகத்துக்குக் கற்பித்தவர்கள். தட்டுமுட்டுப் பொருள்கள் உருண்டு விழாதபடி அலமாரித் தட்டின் விளிம்பில் சிறு வரம்பு அமைப்பதும், ஆட்டத்தில் திறந்துகொள்ளாதபடி கதவுகளுக்குத் தாழ் பொருத்துவதும், பகலில் இருக்கையாய் உள்ளதை இரவில் கட்டிலாக்குவதும் கப்பல் அறையிலே நெடுங்காலம் பழகிய உபாயங்கள். பிற்கால மோட்டார் வான்களின் அலமாரித் தட்டுகளிலும் அதே வரம்பைக் காண்கிறோம்.

இனி, என் மாணவன் சுட்டிக்காட்டிய வண்டிக்கு வருவோம். அதன் கதை இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளிடையே தொடங்குகின்றது. ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க் நகரத்து வொல்க்ஸ்வாகன் தொழிற்சாலை போரின் பின்னர் பிரித்தானியப் படையினரின் மேற்பார்வையில் இருந்தது. அங்கே உதிரிப் பாகங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏற்றிச்செல்ல, சிறிய காரின் அடித்தளத்தின்மேல் ஒரு தட்டைப் பலகையைப் பொருத்திய வண்டிகள் ஓடின. ஒல்லாந்து நாட்டு மோட்டார் வணிகரான பென் பொன் என்பவர் அவற்றைக் கண்டார். 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் தமது குறிப்புப் புத்தகத்திலே சில கோடுகளால் ஒரு படம் வரைந்தார். பெட்டி போன்ற உடல், சாரதி முன்னால், இயந்திரம் பின்னால், 750 கிலோகிராம் பாரம் இரண்டுக்கும் நடுவே. இவ்வளவே அப்படம். அம்ஸ்ரடாம் நகரத்து தேசிய அருங்காட்சியகத்திலே அச்சிறு தாள் இன்று பேணப்படுகின்றது.

1948ஆம் ஆண்டு சனவரியில் ஹைன்ஸ் நோர்ட்ஹொஃப் அத்தொழிற்சாலையின் தலைமையை ஏற்றார். பென் பொன்னின் எண்ணம் அவரது காலத்திலேயே உருப்பெற்றது. முதலிற் செய்த மாதிரி வண்டி காரின் அடித்தளத்தையே கொண்டிருந்தபடியால் பாரத்தைத் தாங்கமாட்டாது தளர்ந்தது; புதிய அடித்தளம் வகுக்கவேண்டியதாயிற்று. அதன் முகமும் பெட்டியைப் போலத் தட்டையாக இருந்தமையால் காற்று அதனைப் பெரிதும் தடுத்தது. பிரவுன்ஷ்வைக் நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்திலே அதனைச் சோதித்தபோது, காற்றுத் தடையைக் குறிக்கும் எண் 0.75 ஆக இருந்தது. முகத்தை உருட்டி, முகப்புக் கண்ணாடியை இரண்டாகப் பிரித்து நடுவிலே சற்று முன்தள்ளி, கூரையின் முன்விளிம்பையும் அதற்கேற்பக் கூராக்கிய பின்னர் அவ்வெண் 0.44 ஆகக் குறைந்தது.

பிளந்த கண்ணாடியை இன்று பழைமையின் அழகு என்று போற்றுகிறார்கள். அன்று அது கணக்கு. தட்டையான இரு கண்ணாடித் துண்டுகளை ஒரு கோணத்தில் வைத்தால், விலைகூடிய வளைந்த கண்ணாடி இல்லாமலே காற்றைக் கிழித்துச் செல்லும் முகம் ஒன்று கிடைக்கின்றது. போரில் நொந்த நாடொன்று கையிலிருந்த பொருளைக்கொண்டு செய்த சிக்கனம் அது. இயந்திரமோ 1,131 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 25 குதிரைவலுவும் மட்டுமே உடையது. அச்சிறு வலுவை ஈடுசெய்யப் பின்சில்லுகளின் அருகே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் சிறு பற்சக்கரப் பெட்டிகளை அமைத்தனர். அவற்றால் வண்டியின் வயிறும் தரையிலிருந்து உயர்ந்தது. கரடுமுரடான பாதையில் அதுவும் ஒரு நன்மையாயிற்று. 1950ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இவ்வண்டியின் உற்பத்தி முறையாகத் தொடங்கியது.

அப்போது அதற்குப் புருவம் இல்லை. 1955ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் அது தோன்றியது. புருவத்தின் அடியிலே காற்று நுழையும் வாய் ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது முகத்தில் மோதும் காற்று அவ்வாய் வழியாக உள்ளே சென்று, சாரதியின் தலைக்கு மேலே கூரையிற் பொருத்திய ஒரு பெட்டியை அடையும். அப்பெட்டியில் உள்ள மூடியைத் திருப்பி வேண்டிய அளவு காற்றை உள்ளே விடலாம். மழைக்காலத்தில் பக்கக் கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு செல்லும்போதும் மூச்சுத் திணறாமல் இருக்க இதுவே வழி. சாலைத் தூசியும் முன்செல்லும் வாகனத்தின் புகையும் தாழ்வாகவே மிகுதியாய் இருத்தலின், வாய் உயரத்தில் அமைந்தது பொருத்தமே எனலாம். அதே ஆண்டிலே பின்புறமும் மாறியது. அதற்கு முன்னர் உதிரிச் சில்லு இயந்திர அறைக்குள்ளே கிடந்தது. அதனால் அவ்வறையின் மூடி களஞ்சியக் கதவுபோலப் பெரிதாக இருந்தது. சில்லை வேறிடத்துக்கு மாற்றியவுடன் மூடி சிறுத்தது; அதன் மேலே பொருள்களை ஏற்ற ஒரு பின்கதவுக்கும் இடம் கிடைத்தது.

பின்பக்கத்தின் இரு மருங்கும் மீனின் செவுள் போன்ற நீண்ட பிளவுகள் தெரியும். அவற்றையும் அலங்காரம் என்று கருதுவோர் உளர். இயந்திரத்தைக் குளிரச்செய்வது நீரன்று, காற்று. முன்புறத்தில் நீர்க்கலம் இல்லை. ஆகவே முகத்தில் வலைச்சட்டமும் இல்லை. பின்னாலிருக்கும் இயந்திரம் அச்செவுள்கள் வழியாகவே மூச்சு விடுகின்றது. இவ்வண்டியின் முகம் அவ்வளவு வெறுமையாகவும் சாந்தமாகவும் தோன்றுவதற்குக் காரணம் மூக்கு முதுகுப்பக்கம் சென்றுவிட்டமையே.

வெப்ப நாடுகளுக்குச் சென்ற சில வண்டிகளில் முகப்புக் கண்ணாடியின் இரு பகுதிகளும் மேல்விளிம்பிற் கீல் பொருத்தப்பட்டு, கீழிருந்து வெளிப்புறமாகத் தூக்கித் திறக்கத்தக்கவையாய் இருந்தன. ஆபிரிக்காவின் வேட்டைப் பயணங்களை நினைந்து அவற்றுக்குச் சஃபாரி சாளரம் என்று பெயரிட்டனர். வெள்ளைப் பூச்சுப் பெற்ற கூரையின் பயனோ வெயிலில் நின்றவர்க்கு விளக்கவேண்டியதன்று. வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும், உள்ளே வெப்பம் குறையும்.

இவ்வண்டி வீடாகியது எவ்வாறு? ஜேர்மனியின் வீடன்புரூக் என்னும் ஊரிலே 1844ஆம் ஆண்டில் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கிய வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951ஆம் ஆண்டிலே முகாம் பெட்டி ஒன்றை உருவாக்கியது. இருக்கை, படுக்கை, சிறு அலமாரி ஆகியன அடங்கிய மரத் தொகுதி அது. அதன் மிக நுட்பமான சிறப்பு ஒன்றே: அதனை வண்டியிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு சூனில் நாணயச் சீர்திருத்தம் கண்டு, மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்த நாடு அது. ஒரு கடைக்காரனோ தச்சனோ தொழிலுக்கு ஒரு வண்டியும் விடுமுறைக்கு மற்றொன்றும் வாங்கவல்லவன் அல்லன். வாரநாட்களில் மரமும் மாவும் ஏற்றிய அதே வண்டியில் வார இறுதியிலே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்லலாம். கழற்றக்கூடிய சில பூட்டாணிகளிலே ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முதல் விடுமுறை தங்கியிருந்தது.

பின்வந்த ஆண்டுகளில் இவ்வமைப்புக்கள் நிலைபெற்றன. பின்னாலிருந்த இயந்திரத்தின் மேலே ஒரு மேடை ஏற்கனவே இருந்தது. ஆகவே பின் இருக்கையை முன்னுக்கு இழுத்துச் சாய்த்தால் அதுவும் மேடையும் ஒன்றாகிக் கால்நீட்டிப் படுக்கத்தக்க கட்டிலாகும். பக்கக் கதவின் உட்புறத்திலும் சில வண்டிகளில் சிறு தட்டோ அலமாரியோ அமைத்தனர். கதவைத் திறந்தால் அடுக்களை வெளியே வந்துவிடும். அக்கதவு எப்பக்கத்தில் உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது. வலப்புறமாக வண்டி செலுத்தும் ஜேர்மனியில் கதவு வலப்பக்கத்தில் அமைந்தது. இடப்புறமாகச் செலுத்தும் நாடுகளுக்கென இடப்பக்கத்திற் கதவுள்ள வண்டிகளும் செய்யப்பட்டன. குழந்தை இறங்குவது புல்லின்மேலே ஆகவேண்டும், ஓடும் சாலையின்மேலே ஆகக்கூடாது என்பதே அதன் கருத்து. ரோமானி மக்களின் புகைபோக்கியைப் போல இங்கும் சாலை விதியே தச்சனாயிற்று.

சாளரங்களிற் சில கண்ணாடிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யப்பட்டன. பட்டைகள் வெளிநோக்கிச் சரிந்திருப்பதால் மழை பெய்யும்போதும் அவற்றைத் திறந்து வைக்கலாம். நீர் வெளியே வழியும், காற்று உள்ளே வரும். உட்புறத்திற் பூச்சி வலையும் இருந்தது. மூடிய பெட்டிக்குள் நால்வர் உறங்கினால் அவர்களின் மூச்சுக் காற்றே விடியற்காலையில் நீர்த்துளிகளாகக் கண்ணாடியிற் படியும். அதனை அறிந்தவன் செய்த சாளரம் அது.

இப்போது உயர்த்திய கூரையை மீண்டும் சந்திப்போம். வானுக்குள் உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. சமைப்பவர் கூனியே நிற்கவேண்டும். வெஸ்ட்ஃபாலியா வண்டிகள் சிலவற்றில் கூரையிலே சதுரமான மூடியொன்றை அமைத்தனர். அதனைத் திறந்தால் அடுப்பின் முன்னே ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவனைப்போல வெளியே தலைநீட்டிப் பார்க்கவும் செய்யலாம். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரிலே மாட்டின் வோல்ற்றர் என்னும் நிறுவனம் இன்னும் ஒருபடி சென்றது. 1773ஆம் ஆண்டிலே குதிரைச் சேணம் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1950களிலே 'டோர்மொபைல்' என்னும் வான்களை வெளியிட்டது. உறங்கும் கூடத்தையும் மோட்டார் வண்டியையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து ஆக்கிய பெயர் அது. அவற்றின் கூரை ஒரு பக்கத்திற் கீல் கொண்டு சரிவாக எழும். எழும்போது வரிவரியான துணி கூடாரம்போல விரியும். உள்ளே நிற்க இடம் கிடைப்பதோடு, மேலே இருவர் படுக்கத் தொட்டிற் படுக்கைகளும் அமையும். ஓடும்போது கூரை தாழ்ந்து காற்றுக்கு வழிவிடும். நிற்கும்போது உயர்ந்து மனிதனுக்கு இடம்விடும். ரோமானி வண்டியின் மேற்கூரை செய்த வேலையையே இத்துணிக் கூரையும் செய்தது. கொல்லனும் சேணம் தைத்தவனும் வளர்த்த நிறுவனங்களே மோட்டார் யுகத்தின் வீட்டு வண்டிகளையும் ஆக்கின என்பது தற்செயலன்று. வண்டியில் வாழ்வோரின் தேவை மாறவில்லை. இழுக்கும் வலுவே மாறியது.

எல்லா நுணுக்கங்களையும் தொழிலாளியே தீர்மானித்தான் என்று கூறிவிட முடியாது. அரசாங்கமும் தன் பங்கைச் செய்தது. பிரித்தானியாவில் 1940ஆம் ஆண்டு தொடக்கம் கொள்வனவு வரி இருந்தது. பக்கச் சாளரமற்ற சரக்கு வான்களுக்கு அவ்வரி இல்லை. ஆகவே சாரதிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருப்பதும் இல்லாமையும் வரி அதிகாரி கவனிக்கும் காரியமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலோ இதனினும் விந்தையான செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு உயர்ந்த தீர்வை விதித்தன. அதற்குப் பதிலடியாக அமெரிக்கா 1963ஆம் ஆண்டு டிசம்பரில், இறக்குமதியாகும் சிறு சரக்கு வாகனங்களுக்கு 25 சதவீதத் தீர்வையை அறிவித்தது. வொல்க்ஸ்வாகனின் சரக்கு வான்கள் அந்நாட்டுச் சந்தையை இழந்தன. சாளரமும் இருக்கையும் கொண்ட பயணிகள் வான்களோ அத்தீர்வைக்கு அகப்படவில்லை. கோழியைப் பற்றிய வழக்கொன்று வானின் சாளரத்துக்கு விலை வைத்த கதை இது.

நேயர்களே, இதுவரை கூறியவற்றை நயமான செய்திகள் என்று கேட்டு மறந்துவிடலாம். ஆனால் ஒரு நுணுக்கத்தை மறந்தால் உயிருக்கே கேடு நேரும். எரிவாயு அடுப்புப் பொருத்திய வான்களில் எரிவாயுக் கலம் வைக்கும் அறையின் அடியிலே சிறு துளைகள் இருக்கும். குளிர்காலத்தில் அவற்றின் வழியே ஊதற்காற்று வரும், தூசியும் வரும். பழைய வண்டியை ஆசையோடு வாங்கிப் புதுப்பிப்பவர், இது யாரோ விட்ட குறை என்று எண்ணி அதனை அடைத்துவிடக்கூடும். கலத்தில் அடைக்கப்படும் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்கள் காற்றிலும் கனமானவை. கசிந்தால் அவை மேலே எழா. நீரைப்போலக் கீழே தேங்கும். தேங்கிய வாயு வெளியே வடிந்துபோகவே அத்துளை. அதனை அடைத்துவிட்டால் வாயு வண்டிக்குள்ளேயே கிடந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அவ்வாறே சுவரிலும் கூரையிலும் எப்போதும் திறந்திருக்குமாறு அமைத்த காற்றுத் துவாரங்களும் உண்டு. அவற்றை அடைத்துவிட்டு உள்ளே அடுப்பை எரித்தால், போதிய காற்றின்றி எரியும் தீயிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் எழுந்திரார்.

துளையை இட்டவன் காரணத்தை அத்துளையின் அருகே எழுதி வைப்பதில்லை. அவனது அறிவு அவ்வெறுமையிலேயே அடங்கியிருக்கிறது. அடுத்த தலைமுறை அதனை வாசிக்க அறியாவிட்டால், முன்னோர் பட்டறிந்து பெற்ற பாடத்தை மறுபடியும் பட்டே அறியவேண்டியதாகும்.

காலம் மாறுகையில் நுணுக்கங்களும் பிறந்து மறைகின்றன. 1967ஆம் ஆண்டிலே புதிய வடிவம் வந்தபோது பிளந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒரே வளைந்த கண்ணாடி வந்தது, புருவம் மறைந்தது, காற்று நுழையும் வாய் கண்ணாடிக்குக் கீழே இறங்கியது. பின்சில்லுகளின் பற்சக்கரப் பெட்டிகளும் ஒழிந்தன. பிறேசில் நாட்டிலே 1957ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வகை வான் உற்பத்தி ஏனைய நாடுகளில் நின்ற பின்னரும் நீண்டகாலம் தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியிலே அங்கே நீராற் குளிரும் இயந்திரத்தைப் பொருத்தியபோது, அதுவரை வெறுமையாயிருந்த அந்த முகத்திலே கருநிற வலைச்சட்டம் ஒன்று தோன்றியது. புதிய இயந்திரத்துக்கு நீர்க்கலம் வேண்டியிருந்தது; நீர்க்கலத்துக்குக் காற்று வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டு தொடக்கம் காற்றுப் பை முதலிய பாதுகாப்புச் சாதனங்கள் அந்நாட்டிற் கட்டாயமானமையால் 2013ஆம் ஆண்டு டிசம்பருடன் அவ்வுற்பத்தியும் முடிவுற்றது.

2022ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் மின்சாரத்தால் ஓடும் புதிய வான் ஒன்றை வெளியிட்டது. பழைய வண்டியின் முன்முகத்து வளைவையும் இருநிறப் பூச்சையும் அது நினைவூட்டுகின்றது. பின்புறத் தூணிலே பழைய செவுள்களை ஒத்த கோடுகளும் காணப்படுகின்றன. அவற்றின் பின்னே காற்றாற் குளிரவேண்டிய அப்பழைய இயந்திரம் இல்லை. ஒருகாலத்தில் மூச்சாக இருந்தது இன்று ஞாபகமாக நிற்கின்றது. இதனைக் குறையென்று நான் சொல்லேன். மனிதர் ஞாபகங்களையும் விலைகொடுத்து வாங்குவர். எனினும், எது மூச்சு, எது ஞாபகம் என்று பிரித்தறியும் அறிவு கைவிடப்படலாகாது.

அந்தக் கொட்டிலில் நின்ற வானுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். புருவத்தின் அடியில் துருப்பிடித்து மழைநீர் ஒழுகியதால், திருத்தியவர்கள் அதன் வாயைத் தகரம் வைத்து அடைத்து, அழகாக வர்ணமும் பூசிவிட்டார்கள். ஒழுக்கு நின்றது. சில வாரங்களின் பின் அதன் சாரதி, வண்டிக்குள் இருக்கமுடியாத வெக்கை என்று முறையிட்டுத் திரும்பி வந்தார். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அழகுக்காகத்தான் என்று அதே வாயை முதலில் அடைத்தவன் நானே அல்லவா?

அம்மாணவனைப் பின்னர் அழைத்து, நான் சொன்னது பிழை என்றும், புருவம் எதற்கு என்றும் எடுத்துக் கூறினேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஐயா, நமது பாடசாலைச் சுவரின் உச்சியில் உள்ள ஓட்டைகளும் எதற்கோ வைத்தவைதானே?" என்று கேட்டான். குருவிகள் கூடுகட்டுகின்றன என்று அவற்றை அடைப்பதற்கு அந்த வாரமே ஒழுங்கு செய்திருந்தேன். அவ்வொழுங்கை நிறுத்தினேன். குருவிகள் இன்னும் அங்கேதான் வாழ்கின்றன. வகுப்பறைகளிலே காற்றும் வருகின்றது.